வெள்ளிக்கிழமை பார்ப்பவர்

கொட்டகலை
12.08.2007

மகளுக்கு,

நீ கோபித்துக்கொண்டு கட்டாருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. இதுவரை ஒரு வரி எழுதாத அப்பா இப்போது எதற்கு எழுதுகிறார் என்று நினைப்பாய். வியாபார விஷயம்தான்.

நம் விடுதிக்கு இணையதளம் போட்டு ஆறு மாதம். கூகுளில் தேடினால் நான்காம் பக்கத்தில் கிடக்கிறது. நிறையப் பேர் பார்த்தால் மேலே வரும் என்று, தினமும் ஹட்டனுக்கு பஸ் ஏறிப்போய் இன்டர்நெட் கடையில் நானே பத்துத் தடவை திறந்து பார்த்தேன்.

தளத்தைச் செய்துகொடுத்த யசோதினி, யார் யார் பார்த்தார்கள் என்ற கணக்கைத் திறந்துவிட்டு நேற்று சிரித்துவிட்டாள்.

"இது பூராவும் நீங்கதாங்க ஐயா. இப்படிப் பாத்தா மேல வராதுங்க, புதுப் படம் போடணும். வெளிநாட்டுல இருந்து ஒரே ஒருத்தர்தான் பாக்குறாங்க. கட்டார்ல, வெள்ளிக்கிழமை தவறாம. ரூம் வெலகூட பாக்குறதில்ல. வாசல் படத்த மட்டும் தொறந்து வச்சிருக்காங்க."

அது யாரென்று நான் கேட்கவில்லை. உனக்கு எந்தக் கிழமை லீவு என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தில் அம்மா பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

புதுப் படம் எடுக்க முடியாது. மூன்று வாரமாக அம்மா டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். முகம் பாதியாகிவிட்டது. கேமராவைக் கண்டால் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்கிறாள்.

இதை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். பூச்சட்டி காய்ந்து கிடக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை படத்தைப் பார்க்காதே. புறப்பட்டு வா.

நான்காம் பக்கத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்ட,
அப்பா