என் பாட்டை வாங்கியது யார்

மார்ச் 3

லேபில் இன்று நாலு பல்செட்டுக்கு மெருகு போட்டேன். மதியம் மெழுகக்கா என் பாட்டை ஒரு இணையதளத்தில் ஏற்றிவிட்டாள். மெழுகக்கா என்றால் பக்கத்து மேசையில் மெழுகால் ஈறு செய்கிறவள். சம்பளத்தில் பாதியை யார் யாரோ பாடுகிற பாட்டுக்கு டோக்கன் வாங்கியே தொலைக்கிறவள். "நடுவுல கம்பெனிக்காரன் கிடையாதுடி. கேக்கறவன் குடுக்கற காசு நேரா பாடறவ கைக்கு வருது. பேருகூடச் சொல்ல வேணாம்" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

'பக்கத்து வீடு' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். பாட்டுக்கு இருபது டோக்கன். டோக்கன் இருப்பவர்கள் முழுசாகக் கேட்கலாம், மற்றவர்களுக்கு முதல் முப்பது வினாடிதான். பத்து தடவையாவது போனை எடுத்துப் பார்த்திருப்பேன். வெட்கங்கெட்டவள்.

மார்ச் 5

மூன்று விற்றது. ஒன்று மெழுகக்கா. மீதி இரண்டு பேர் யாரென்றே தெரியாது! மகளிடம் சொன்னேன். "எனக்குப் பாடினதை எதுக்கும்மா விக்கற?" என்கிறாள். ஏழு வயசு. கேள்வி மட்டும் வக்கீல் மாதிரி.

மார்ச் 6

மீதி பதினேழையும் ஒரே ஆள் வாங்கியிருக்கிறார். மெழுகக்கா போட்ட கூச்சலில் முதலாளியே எழுந்து வந்துவிட்டார். "வெறி புடிச்ச ரசிகன் கிடைச்சுட்டான்டி உனக்கு!"

கணக்கில் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணுமாக நீளமாய் என்னவோ. வாங்குகிறவர் பாடியவருக்கு மட்டும் ஒரு குறிப்பு அனுப்பலாமாம். அதில் ஒரே ஒரு சொல் — 'கேட்டேன்.'

எனக்கு ஏன் சந்தோஷமாக இல்லை?

மார்ச் 7

ஞாயிறு. ஹெட்போன் போட்டு என் பாட்டை நானே முழுசாகக் கேட்டேன். இரண்டாவது சரணத்தில், என் குரலுக்கு அடியில், ரயில்வே ஸ்டேஷன் ஒலிபெருக்கி. ஊர்ப் பெயர், நடைமேடை எண், எல்லாம்.

எங்கள் அறையின் பின்சுவரை ஒட்டித்தான் ஸ்டேஷன். பதினாலு மாசமாக அந்த அறிவிப்பைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதிலேயே விழுவதில்லை. பாடும்போதும் விழவில்லை. அவருக்கு விழும். அவருக்கு என் குரல் தெரியும். இந்தப் பாட்டும் தெரியும், தொட்டிலில் கிடந்தவளுக்கு நான் பாடியதுதானே.

அவராம், அவர். என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? அவன். என் கையை உடைத்த புருஷன். "எங்க போனாலும் தேடி வருவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னவன்.

இருக்கிற இடம் தெரியாமல் இருந்தேன். நானே ஊரைக் கூவிச் சொல்லிவிட்டேன். முட்டாள், முட்டாள்.

மார்ச் 8

மெழுகக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "எடுத்துடுங்கக்கா, இப்பவே எடுத்துடுங்க" என்றேன்.

"விக்காம இருந்தா நிறுத்தியிருக்கலாம்டி. வித்தது வாங்கினவன் சொத்து. நீயோ நானோ தொட முடியாது. யாராலயும் அழிக்க முடியாதுன்னு இதைத்தானே பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்..." அழுதே விட்டாள். கடைசியில் நான் அவளுக்குச் சமாதானம் சொல்லும்படி ஆயிற்று. நல்ல கூத்து.

மார்ச் 9

பள்ளிக்கூட வாசலில் உயரமாக ஒரு ஆள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. திரும்பினார் — வேறு யாரோ, தோளில் ஒரு குழந்தையின் பை. மகளின் கையை அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறேன், விரல் தடம் பதிந்துபோயிற்று. அவன் பிடிக்கிற மாதிரியே.

மார்ச் 11

கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள்.

மார்ச் 12

முதலில் வாங்கிய அந்த இரண்டு பேரிடமிருந்தும் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருக்கிறான். யார் கையில் எது இருக்கிறது என்பதெல்லாம் எவர் வேண்டுமானாலும் பார்க்கிற பேரேட்டில் கிடக்கிறது, மெழுகக்கா காட்டினாள். அவளிடமும் விலைக்குக் கேட்டிருக்கிறானாம். "உசுரே போனாலும் குடுக்க மாட்டேன்" என்கிறாள். இப்போது இருபதில் பத்தொன்பது அவனிடம். ஊரைத் தெரிந்துகொள்ள ஒன்று போதுமே. பத்தொன்பது எதற்கு?

துணிகளைப் பெட்டியில் வைத்தேன். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். "மறுபடியும் பஸ்ஸாம்மா?"

மார்ச் 13

பத்தொன்பதையும் எரித்துவிட்டான்.

எரிப்பது என்றால், யாராலும் திறக்க முடியாத ஒரு முகவரிக்கு டோக்கனை அனுப்பிவிடுவதாம். அனுப்பினவனுக்கே திரும்ப வராது. "காசு குடுத்து வாங்கி எவனாவது எரிப்பானாடி?" என்கிறாள் மெழுகக்கா. எரிப்பான். என் பாட்டு நோட்டை அடுப்பில் வைத்தவன்தானே. எனக்கு இது புரியாதா? அடுத்தது நீ என்கிறான்.

நாளைக் காலை முதல் பஸ். மெழுகக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். எந்த ஊருக்கு என்று அவளிடமும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

மார்ச் 14

போகவில்லை.

செருப்பு மாட்டும்போது அதே கணக்கிலிருந்து குறிப்பு வந்தது. அதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அண்ணி, அண்ணன் போன்ல உங்க குரல் ஓடிக்கிட்டு இருந்துச்சு. முப்பது செகண்டோட நின்னுடுச்சு. முழுசாக் கேக்கணும்னா டோக்கன் வாங்கணுமாமே, எப்படின்னு என்கிட்டயே கேட்டான். சொல்லித் தரேன்னு சொல்லிட்டு எல்லாத்தையும் நான் வாங்கிட்டேன். உள்ள ஸ்டேஷன் பேரு கேக்குது அண்ணி. எரிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தைக்கு மேல எழுதவே பயமா இருந்துச்சு. இன்னும் ஒண்ணு யார்கிட்டயோ இருக்கு, அதையும் எரிக்கச் சொல்லுங்க. ஒன்றரைப் பல் எப்படி இருக்கா?"

என் மகளை ஒன்றரைப் பல் என்று கூப்பிட்டவள் என் நாத்தனார் ஒருத்திதான். அதுவும் அவன் வீட்டில் இல்லாத நேரத்தில். இது அவன் வேலையாக இருக்க முடியாது.

ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அவளிடம் நான் ஒரு நாள்கூட முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவன் தங்கை என்ற ஒரே காரணத்துக்காக. அவளும் அவனுக்குப் பயந்துதான் இருந்திருப்பாள் என்று தோன்றவே இல்லையே எனக்கு. வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மார்ச் 15

மெழுகக்கா தன்னிடம் இருந்ததையும் எரித்துவிட்டாள். "நாலு வருஷமா வாங்கறேன், ஒண்ணைக்கூட வித்ததில்லடி" என்று சொல்லிக்கொண்டே, கண்ணை மூடிக்கொண்டு, பொத்தானை அமுக்கினாள்.

ஜூலை 20

போன வாரம் புதுப் பாட்டு ஒன்றை ஏற்றினோம். அவன் கேட்டிராத பாட்டு. பாடுகிறவளுக்கும் வேறு பெயர். லேபின் சாமான் அறையில் பாடினேன். மெழுகக்கா மூன்று தடவை ஹெட்போனில் கேட்டுத் தலையாட்டிய பிறகுதான் ஏற்றினோம். இப்போதும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

புதுப் பெயரை ஒருத்திக்கு மட்டும் எழுதி அனுப்பியிருந்தேன். முதல் டோக்கனை வாங்கியது அவள்தான்.

தினமும் பேரேட்டைத் திறந்து பார்க்கிறேன். இதை அவள் எரிக்கவில்லை.