லேமினேட் செய்த பிறப்புச் சான்றிதழ்

அன்பு மகள் மிரோஸ்யாவுக்கு, உக்ரைன், செர்னிவ்சியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், இந்தப் போரில் கரண்டுதான் வருவதும் போவதுமாக இருக்கிறது, அதற்கெல்லாம் பழகிவிட்டோம். கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாகத்தான் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். கால் வீங்குகிறது என்றாயே, தலையணை மேல் தூக்கி வைத்துப் படு, உப்பில் ஊறிய வெள்ளரிக்காயைக் கொஞ்சம் தள்ளி வை.

விசா சமாசாரத்துக்கு வருகிறேன். நான்தான் உன்னைப் பெற்றவள் என்று காட்ட, உன் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு அப்பாவோடு போனேன். அங்கே லெஸ்யா என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், வாங்கிப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது. கெடாமல் இருக்கட்டும் என்று உன் அப்பா என்றைக்கோ அதைச் சந்தையில் கொடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தார் அல்லவா, "ஐயா, இத நோட்டரி தொடவே மாட்டார். மேல பிளாஸ்டிக் இருந்தா அசலான்னு எப்படிப் பாக்கிறது?" என்றாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது, "ஒரு சொட்டுத் தண்ணி படாம காப்பாத்துனேன், அதுவா குத்தம்?" என்றார். அவள் சிரித்துவிட்டு, "இந்த ஊர்ல பாதிப் பேரு இப்படித்தான் காப்பாத்தி வச்சிருக்காங்க. பதிவு ஆபீஸ்ல புதுசு வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினாள். வீடு வந்த பிறகு, நல்லவேளை என்னை லேமினேட் செய்யாமல் விட்டீர்களே என்று கேட்டுவிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, மறுவாரமே அவரே வரிசையில் நின்று புதுச் சான்றிதழை வாங்கி லெஸ்யாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் நீங்களும் வாருங்கள் என்றால் மட்டும் பழைய பாட்டுதான். "எனக்கு அறுபது தாண்டிடுச்சு, சண்டைக்கு ஆள் வேணும்னு எல்லையில எவனும் தடுக்கப்போறதில்ல. ஆனா தேனீப் பெட்டிய யாரு பாத்துக்குவா? நீ போய்ப் பேரப்புள்ளையப் பாத்துட்டு வா" என்பார். உன் குழந்தையைக் கையில் வாங்கும்போது பக்கத்தில் அவர் இல்லாவிட்டால் எனக்கு அந்தச் சந்தோஷம் பாதிதான் மிரோஸ்யா, அதை நினைத்து எத்தனையோ நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று மொழிபெயர்ப்பை வாங்க நான் மட்டும் போனேன். நகலையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்து நூல் கோத்துத் தைத்து, முத்திரை போட்டு லெஸ்யா எடுத்து வைத்தாள், இரண்டு கட்டு. எனக்கு ஒன்று போதுமே என்றேன். "இன்னொன்னு ஐயாவோடதும்மா. பென்ஷன் காகிதம், உங்க கல்யாணச் சான்றிதழ், எல்லாம் அன்னிக்கே குடுத்துட்டுப் போனாரே, சொல்லலியா?" என்றாள். நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மனுஷன் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தேனீப் பெட்டி திறக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகச் சொல்லட்டும். விசா கிடைக்கும், நீ கவலைப்படாதே.

கடவுளும் மாதாவும் உன்னையும் குட்டியையும் துணையிருந்து காக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு. எனக்கென்று ஒற்றைக் கட்டில் வாங்கப்போவதாக எழுதியிருந்தாயே, வாங்கிவிடாதே, பெரியதாகப் பார்.

உன் அம்மா,
ஸ்டெஃபானியா