நான் கம்ப்யூட்டர் கட்சி

5 மார்ச் 2025, புதன்

கிளினிக்கிலிருந்து வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து காற்றாடியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். மூடிவிட்டு விளக்குகளைப் போட்டால் சிவப்பும் நீலமுமாய் ஒரு குட்டித் தேர். அம்மா கதவருகே நின்று பார்த்தாள்.

"மத்த வீட்டுப் பொண்ணுங்க தங்களச் சிங்காரிச்சிக்கும். நீ பொட்டியச் சிங்காரிக்கிற."

பிறகுதான் விஷயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோலா குபு பாருவிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். உடையப்பன் மாமா கொண்டுவந்த இடம். பையன் பெயர் திருச்செல்வம், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன்.

எனக்கு முப்பத்தொரு வயது. பகலில் கோலா சிலாங்கூரில் இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். சாயங்காலம் ஜெரம் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டில் படை நடத்துகிறேன். இரண்டில் எதை முதலில் சொல்வது?

9 மார்ச், ஞாயிறு

சொல்லித் தொலைத்தேன்.

பையனும் அவன் அம்மாவும் உடையப்பன் மாமாவும் வந்தார்கள். அவன் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லையாம், வரவில்லை. நான் கேசரியைக் கொண்டுவந்து வைத்தேன். சேலை ஒழுங்காக இருந்தது. அதுவரை எல்லாமே ஒழுங்காகத்தான் இருந்தது.

"லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

"கேம் வெளாடுவேன்."

அவன் முகம் மலர்ந்தது. "நானும்தான்!"

இப்படியும் ஒரு மனிதன் நம் வீட்டு நாற்காலியில் வந்து உட்காருவானா? "கம்ப்யூட்டர்ல என்ன கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருக்கீங்க?" என்றேன்.

"கார்டெல்லாம் இல்ல. டிவில மாட்டுற பிஎஸ் ஃபைவ்தான்."

"ஓ. அதுவா."

இந்த 'அதுவா'வை நான் விழுங்கியிருக்கலாம். கேசரியோடு சேர்த்து விழுங்கியிருக்கலாம்.

"அதுவான்னா?" என்றான் அவன்.

"இல்ல, அது சின்னப் பிள்ளைங்களுக்குலா. அந்தப் பிடிய வச்சிக்கிட்டுக் குறி பாக்கறது, கையுறை போட்டுக்கிட்டு ஊசி கோக்கிற மாதிரி."

"பரவால்ல. நான் சுவிட்ச் போட்டதும் வெளாடுவேன். நீங்க வெளாடுற நேரத்தவிட டிரைவரோட மல்லுக்கட்டுற நேரந்தான் அதிகமா இருக்கும்."

"எனக்கும் டிரைவருக்கும் எந்தப் பிரச்சினையும் இல்ல. எல்லாம் நல்லாத்தான் போகுது."

அவன் அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "டிரைவரா? எந்த டிரைவர்?"

என் அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு மென்பொருள் என்று நான் சொல்லச் சொல்ல, பொய் சொல்கிறவள் மாதிரியே இருந்தது. திருச்செல்வம் விளக்கியிருக்கலாம். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். சிரிப்பை அடக்குகிறான், கடன்காரன்.

டீ குடிக்காமலே போய்விட்டார்கள்.

10 மார்ச்

அம்மா பேசவில்லை. காலையில் பசியாறுவதற்குத் தட்டை மட்டும் தள்ளி வைத்தாள்.

11 மார்ச்

பேசினாள். "லோரி டிரைவரா, பஸ் டிரைவரா? அத மட்டும் சொல்லிடு."

13 மார்ச், வியாழன்

தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி: 'டிரைவர் நலமா?'

உடையப்பன் மாமா எண்ணைக் கொடுத்திருக்கிறார். நான் பதில் போடக்கூடாது என்று முடிவெடுத்து, உடனே போட்டேன். 'நலம். உங்க பொம்மை நலமா?'

அப்படியே தஞ்சோங் காராங் ரமடான் சந்தைக்குள் நடந்துகொண்டே பதில் அடித்துக்கொண்டிருந்ததில், அம்மா சொன்ன மீனை விட்டுவிட்டு வெறும் பலகாரத்தோடு வீடு திரும்பினேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம். இரண்டு கருவியிலிருந்தும் சேர்ந்து ஆடக்கூடிய ஒரு பந்தாட்டம் இருக்கிறது. ஞாயிறு மதியம் மோதிப் பார்ப்பது. தோற்றவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பந்தாட்டம் நான் அதிகம் ஆடியதில்லை. அதனாலென்ன? என்னிடம் இருப்பது கம்ப்யூட்டர் அல்லவா.

16 மார்ச், ஞாயிறு

தோற்றேன். கொஞ்சநஞ்சமாக இல்லை. லைன் சரியில்லை என்றேன், விசைப்பலகை புதுசு என்றேன், மதிய வெயில் திரையில் அடிக்கிறது என்றேன். இந்த அறையில் ஜன்னலே கிடையாது.

மைக் வழியாக அவன் பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. உடைந்த, காற்றுக் கலந்த சிரிப்பு.

"யாரு?"

"அப்பா. கோல் எல்லாம் அவர் அடிச்சதுதான்."

"ரெண்டு பேரா வெளாடினீங்க? இது ஏமாத்து."

"ரெண்டு பிடி, ஆனா ஒரே ஆட்டக்காரன். ரெண்டயும் ஒண்ணா இணைச்சிக்கலாம். ஓடறது நான். அடிக்கிறது அவரு. அவருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை வராது. பெரிய பொத்தான் வச்ச வட்டப் பிடி ஒண்ணு இருக்கு, மேசைல வச்சி இடது கையால அழுத்துவாரு."

மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று சரியாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளட்டும்.

17 மார்ச்

கம்ப்யூட்டர்தான் சிறந்தது என்று நிரூபிக்க அவனுக்கு நீளமாக எழுதினேன். படத்தின் தெளிவு, வேகம், விளையாட்டுகளின் எண்ணிக்கை. எல்லாம் உண்மை. ஒன்றுகூடப் பொய்யில்லை. அனுப்பாமல் அழித்தேன்.

23 மார்ச், ஞாயிறு

இன்று திரு நிறையப் பேசினான். (திரு. எப்போதிலிருந்து?) உடம்புக்கு வந்த பிறகு அவன் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். கைப்பயிற்சி செய்யமாட்டார், பேச்சுப் பயிற்சிக்குப் போகமாட்டார். யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார்.

"எங்கிட்டயும் கம்ப்யூட்டர் இருந்துச்சு. உங்களோடதவிடப் பெருசு. வித்துட்டுத்தான் இத வாங்கினேன்."

"ஏன்?"

"அது ரூம்ல இருந்துச்சு. அவரு ஹால்ல இருக்காரு."

உங்களோடதவிடப் பெருசாம். பெண் பார்க்க வந்த அன்றே அதைச் சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம். சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

பேசி முடித்து நிமிர்ந்தால், அம்மா வழக்கம்போல் கதவருகே நின்றிருந்தாள். அவள் எப்போதும் ஏன் அங்கேயே நிற்கிறாள்? அறையைச் சுற்றிப் பார்த்தேன். உட்காருவதற்கு என்னுடையதைத் தவிர ஒன்றுமில்லை. அப்பா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தியை இத்தனை வருஷமாக நிற்கவைத்தே பேசியிருக்கிறேன். படை நடத்துகிறாளாம், படை.

சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, டிரைவரக் காட்டறேன்" என்றேன்.

திரையில் காட்டினேன். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இதுக்கா நான் ரெண்டு நாளா சாப்பிடல?"

"ஆமா."

"இத அந்த அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நீதான்."

கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு, "சரி, வேற என்ன இருக்கு இதுல?" என்றாள். தோட்டம் போடும் ஒரு விளையாட்டைத் திறந்து கொடுத்தேன். வாழ்நாளெல்லாம் செம்பனை நர்சரியில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவள். திரையில் நாற்றைப் பார்த்ததும், "யாருடா இவ்ளோ நெருக்கமா நட்டது?" என்று கோபப்பட்டாள். நான்தான் நட்டிருந்தேன்.

20 ஏப்ரல், ஞாயிறு

கோலா குபு பாரு போனோம். அம்மா காடியில் ஏறியதிலிருந்து டிரைவர் என்றால் என்ன என்பதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். திருவின் அம்மாவிடம் (இனி சம்பந்தியம்மா) நன்றாகவே சொன்னாள். நான் சொன்னதைவிடத் தெளிவு.

திருவின் அப்பா தங்கராஜு, ஹாலில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு சொல் வரவே நேரமாகிறது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, இடது கையால் தன் மார்பைத் தொட்டார்.

"நா...ன்."

எல்லோரும் காத்திருந்தோம்.

"டிரைவர்."

இருபது வருஷம் மரலோரி ஓட்டியவராம். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. சம்பந்தியம்மா இந்தத் தடவை டீ குடிக்காமல் யாரையும் விடவில்லை.

6 ஜூலை, ஞாயிறு

கல்யாணம். மணவறையில் திரு குனிந்து, "கட்சி மாறறியா?" என்று கேட்டான். முடியாது என்றேன். ஐயர் எங்களை மந்திரத்தைக் கவனிக்கச் சொன்னார்.

19 ஜூலை

கம்ப்யூட்டரை எடுத்துவர ஜெரம் போனோம். திரையில் நட்ட பூசணி இன்னும் காய்க்கவில்லை, காய்த்ததும் எடுத்துக்கொண்டு போ என்கிறாள் அம்மா. வெறுங்கையோடு திரும்பினோம்.

2 நவம்பர், ஞாயிறு. கோலா குபு பாரு

தீபாவளியும் போய்விட்டது. பூசணி காய்த்து, அதற்குப் பின் சோளமும் காய்த்துவிட்டது. கம்ப்யூட்டர் இன்னும் ஜெரத்தில். கட்சிக்குத் தலைவி இருக்கிறாள், கட்சி ஆபீஸ்தான் இல்லை.

மதியம் சாப்பிட்டதும் அம்மாவைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தேன்.

"இரு, தண்ணி ஊத்திட்டு வரேன்" என்றாள். வந்தாள். "என்ன, எல்லாரும் அந்த டிவி பொட்டிலதான் வெளாடிட்டிருக்கீங்களா? அது என்ன வெளாட்டு. எதுன்னாலும் கம்ப்யூட்டர் மாதிரி வராது."

சோபாவில் மாமா, திருவின் அப்பா, ஆட்டத்தை நிறுத்தினார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து நான் கேட்டதெல்லாம் ஒற்றைச் சொற்கள்தான். தண்ணி. வெளக்கு. கோல். பயிற்சிக்கு இப்போது போகிறார். இருந்தாலும் ஒரு சொல்லுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் களைத்து நின்றுவிடுவார்.

போனை இடது கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சம்பந்தி. நீங்க... இங்க வந்து... உக்காந்து வெளாடிப் பாத்துட்டு... அப்புறமா சொல்லுங்க."

அம்மாவுக்கு அந்த முழு வாக்கியத்தின் மதிப்பு தெரியாது. "நான் ஏன் வரணும்? நீங்க வாங்க. வந்து இத ஒரு தடவ பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்றாள்.

மாமா மூச்சை இழுத்து அடுத்ததை ஆரம்பித்தார். பிடி ஒரு கைக்கு எவ்வளவு வசதி என்று. நடுவில் நின்றார். மறுபடி ஆரம்பித்தார். அம்மா மறுத்தாள். அவர் விடவில்லை.

திரு சமையலறையிலிருந்து பாதி கழுவிய தட்டோடு வந்து நின்றான். தட்டிலிருந்து சோப்பு நீர் தரையில் சொட்டியது. அவன் அம்மா பின்னால் வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

போனில் பேட்டரி குறைந்துகொண்டிருந்தது. நான் சத்தம் போடாமல் எழுந்துபோய், சார்ஜரைத் தேடிக் கொண்டுவந்து செருகினேன்.