உன் குழாயும் என் குழாயும்

அன்புச் சண்டைக்காரி பூரணிக்கு,

போன இடத்தில் தண்ணீரைக் காய்ச்சித்தான் தருகிறார்களா? கேட்டுக் குடி. இதைச் சொல்லாமல் உன் மைனிக்குக் கடிதம் எழுத வராது.

இங்கே மழை விட்டு ஆறு தெளிந்துவருகிறது. நம் தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. உன் அண்ணன் காரணமே இல்லாமல் யாருக்காவது போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சேரன்மகாதேவிக் கல்யாணத்தை நினைத்துக்கொள்கிறாயா? பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். என் அப்பளத்தையும் நீயே எடுத்துத் தின்றாய். ஒரே செம்பில் தண்ணீர் குடித்தோம். மறுநாள் இருவருக்கும் வாந்திபேதி, ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். நான் கண் விழித்தபோது உன் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு உன் அம்மா, என் அத்தை, என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். கோபமாகக்கூட இல்லை. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, பாதித் தூக்கத்தில் பேசுகிறவர்போலக் கேட்பார்.

“ஏளா, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான சாப்பிட்டிய? ஒன்ன விட்டுட்டு அவள மட்டும் என்னத்துக்கு?”

எனக்கும் அதே கேள்விதான். ஆனால் அவர் கேட்கும்போதெல்லாம், இந்த வீட்டில் நான் உயிரோடு நடமாடுவதே தப்போ என்று தோன்றிவிடும்.

நான் வேலைபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் நம் இருவரிடமிருந்தும் கிடைத்த கிருமிகளைத் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். ஒன்றில் உன் பேர், ஒன்றில் என் பேர். சுற்றுவட்டாரத்தில் எடுத்த வாந்திபேதிக் கிருமிகளையெல்லாம் ஒப்பிடும் வேலை இப்போது வந்தது. எது பொல்லாதது, ஏன் என்று பார்க்கவேண்டும். நம் குழாய்களையும் சேர்த்துக்கொண்டேன். உனக்கு வந்தது கொடிய வகை, எனக்கு வந்தது சாது என்று தெரிந்துவிட்டால் அத்தைக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிடும் அல்லவா? அப்படித்தான் வரவேண்டும் என்று சாமி கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்கினேன்.

கிருமி தன்னைச் சுற்றிக் கக்கும் புரதங்களைத் தனியே எடுத்து, கூழ்போல் உறைந்த ஒரு தகட்டில் ஓடவிட்டு நீலச் சாயம் ஏற்றுவோம். முதலில் தகடு முழுக்க நீலம். கழுவக் கழுவ, மூடுபனி விலகி அக்கரை தெரிவதுபோல, ஒவ்வொரு கோடாக மேலே வரும். அன்று மதியம் தட்டைப் பைய ஆட்டிக்கொண்டே நின்றேன். நீ பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாய். “மைனி, வந்துட்டா?” என்றாய். “ஏளா, இரு, அவசரப்படாத” என்றேன், வாய்விட்டே. எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

புன்னைக்காயலில் எடுத்த கிருமிக்கு ஒரு கோடு குறைவு. வள்ளியூர்க் கிணற்றில் எடுத்ததற்கு நச்சுப் புரதத்தின் கோடே இல்லை. உன்னுடையதும் என்னுடையதும் மட்டும் கோட்டுக்குக் கோடு ஒன்று. நம்பாமல், இரண்டின் மரபுப்பொருளையும் துண்டு துண்டாக நறுக்கி ஓடவிட்டுப் பார்த்தேன். அதுவும் ஒன்றுபோலவே வந்தது.

அந்தத் தகட்டின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பஸ் ஏறினேன். பொய் சொல்லிவிட்டால் என்ன என்று வழியெல்லாம் யோசனை. அத்தைக்குக் கோடு எது, கறை எது என்று தெரியவா போகிறது? ஆனால் அது உன் சாவைப் பற்றிய பொய். வாய் வரவில்லை.

அத்தை படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இதுல அவ எது, நீ எது?”

“இது அவ, இது நான். வித்தியாசமே இல்ல அத்த. ரெண்டும் ஒரே கிருமிதான். அவளுக்கு மட்டும் ஏன் அப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியல.”

இரண்டு வரிசைகள்மேலும் மெதுவாக விரலை ஓட்டினார்.

“அப்ப ரெண்டு பேரையும் கொண்டுபோகத்தான் வந்திருக்கு,” என்றார். “ஒண்ணையாவது எனக்கு விட்டுட்டுப் போயிருக்கே.”

பூரணி, நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உனக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

ஏன் நீ, ஏன் நானில்லை என்று இனித் தேடமாட்டேன். அத்தையைக் கடைசிவரை பார்த்துக்கொள்வேன், மருமகளாக அல்ல. இது உனக்குத் தருகிற வாக்கு.

உன் அம்மாவிடம் மிச்சமிருக்கும்,
உன் மைனி