என் வாய்க்கொழுப்பைக் கண்டுபிடித்தவனுக்கு

சாமு, என் செல்லத் தம்பி,

நீ கண்ணை மூடிவிட்டாய் என்று ஆம்பூரில் யாருக்கும் பல்வலி நிற்கவில்லை. உன் பல் ஆஸ்பத்திரி ஷட்டரைப் பார்த்துவிட்டு, கன்னத்தைப் பிடித்தபடி இன்னும் ஆட்கள் திரும்பிப் போகிறார்கள். அவர்களிடம் நான் என்னவென்று சொல்ல?

என் கன்னத்துக்குள் கட்டி வந்ததை நினைத்துக்கொண்டேன். வலியே இல்லை, நாக்கு பட்டால் வழுக்கும். ஷூ கம்பெனியில் என்னோடு தைப்பவர்கள், "புத்துநோயா இருந்தா கத்தி படக்கூடாது, பரவிடும்" என்றார்கள். நானும் நம்பி, பல் டாக்டரின் அக்காவாக இருந்துகொண்டு உன்னிடமே மாசக்கணக்கில் மறைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பக்கமாகவே மெல்லுவதைப் பார்த்துப் பிடித்துவிட்டாய். விரலால் அழுத்திப் பார்த்தாய். "மெத்துனு, மஞ்சளா இருக்கு. கொழுப்புக்கட்டி மாதிரி தெரியுது. வாயில வர்றது ரொம்பக் கம்மி."

"அப்ப பயமில்லதானே?"

"எடுத்து டெஸ்ட் பண்ணாம சொல்ல மாட்டேன்க்கா."

எவ்வளவு கெஞ்சியும் அந்த ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. கோபம் கோபமாக வந்தது எனக்கு.

எடுத்த கட்டியை மருந்துக் குப்பியில் போட்டுக் காட்டினாய். மற்ற சதை அடியில் போய் உட்காருமாம், இது மேலே மிதந்தது. "இன்னாக்கா, உனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தின்னு ஊரே சொல்லும். இப்ப கண்ணாலயே பாத்துட்டேன்." தையல் போட்ட வாயை வைத்துக்கொண்டு சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

அப்போதும் நீ முடிவாகச் சொல்லவில்லை. சாதாரணக் கொழுப்பு போலவே இருந்து ஏமாற்றும் கெட்ட கட்டியும் அபூர்வமாக உண்டு என்று அதை டெஸ்டுக்கு வேலூருக்கு அனுப்பினாய். வெறும் கொழுப்புதான் என்று ரிப்போர்ட் வந்தது. என் தம்பிக்கு எத்தனை நிதானம் என்று கம்பெனி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

போன வாரம்தான் உன் பொண்டாட்டி எஸ்தர் சொன்னாள். "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அவர் தூங்கவே இல்ல அண்ணி. ஜெபம் பண்ணிட்டே உக்காந்திருப்பார். அக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னுட்டார்."

அத்தனை பயத்தோடு எப்படிடா என்னைச் சிரிக்க வைத்தாய்? அதுவும் ஒரு பொய்கூடச் சொல்லாமல்?

இப்போது தூக்கம் வராமல் கிடப்பவள் அவள்தான். எல்லாம் சரியாகிவிடும் என்று அவளிடம் சொல்ல மாட்டேன், எனக்கே தெரியாது. ஆனால் அவள் கண் அசரும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டே இருப்பேன்.

உன் வாயாடி அக்கா,
செல்வராணி