இசக்கி சுடலையின் ரத்தம் யாருடையது?

பிரியமான மாப்ளே இசக்கி, எல்லாவற்றிலும் என்னை முந்துகிறவனே, போவதிலுமா முந்த வேண்டும்?

நீ போய் நாலு மாதம். உன் வீட்டுக்காரி, அதாவது என் தங்கை செல்லம், தாராவியில் சௌக்கியம். குழாயடியில் உன் புகழ் இன்னும் ஓடுகிறது. “எங்க வீட்டுக்காரர் ரத்தத்தை ஊத்துனா காயம் மறுநாளே மூடிரும், டாக்டரே சொல்லுதாங்க.” தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இது வந்துவிடும்.

செம்பூர் ஆய்வகத்தில் நாம் இருவரும் கண்ணாடி கழுவியபோது, டாக்டரம்மா எல்லோரிடமும் ரத்தம் எடுத்தாரே. அதை இயந்திரத்தில் சுழலவிட்டு, காயத்தை அடைக்கிற தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீரை மட்டும் பிரிப்பார். கிண்ணத்தில் வளர்ந்த தோல் செல்களின் நடுவே ஊசியால் ஒரு கோடு கீறி, அதில் அந்த நீரைச் சொட்டுவார். இருபுறத்துச் செல்களும் நகர்ந்து கீறலை மூடுகின்றனவா என்று மறுநாள் பார்ப்பார். ‘சுடலை இசக்கி’ உட்பட மற்றவர்கள் கிண்ணத்தில் கோடு கிங்ஸ் சர்க்கிள் ரோடு மாதிரி அகலமாகக் கிடக்கும். ‘இசக்கி சுடலை’ என்று ஒட்டிய கிண்ணத்தில் கோட்டைத் தேட வேண்டும்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரே குழம்பைத்தானே தின்றோம்? ஈரல், பீட்ரூட், பேரீச்சை என்று தின்று பார்த்தேன். வயிறு போனதுதான் மிச்சம். என் அம்மா பெரிய மீன் துண்டை உனக்கு வைத்தபோது மருமகன் மரியாதை என்று பொறுத்துக்கொண்டேன். செல்களுமா அப்படிச் செய்ய வேண்டும்?

போன வாரம் டாக்டரம்மா கட்டுரை எழுத உட்கார்ந்து, ரத்தப் பட்டியலைப் புரட்டியவர் என்னைக் கூப்பிட்டார்.

“சுடலை, இதுல எல்லார் பேரும் சர்நேம் முன்னாடி போட்டிருக்கே. அப்போ இசக்கி சுடலைன்னு எழுதியிருக்கறது யாரு? நீங்களா, அவரா?”

நமக்கேது சர்நேம் என்கிற குடும்பப் பெயர்? பம்பாயில் கேட்டார்கள், அப்பா பெயரைக் கொடுத்தோம். என் அப்பா இசக்கி, உன் அப்பா சுடலை. சொந்தப் பெயர் முதலில் வந்தால் இசக்கி சுடலை நீ. சர்நேம் முதலில் வந்தால் இசக்கி சுடலை நான்! பட்டியல் எழுதிய மராத்திக்கார கிளார்க்கைக் கேட்டால், “க்யா மாலூம் பாய், தோனோ கா நாம் சேம் டு சேம்”, யாருக்குத் தெரியும், ரெண்டு பேர் பெயரும் ஒன்றுதானே என்று கையை விரித்தார்.

பொய் சொல்ல மாட்டேன் மாப்ளே, தலைகால் புரியவில்லை. இரண்டு வருடமாக நான் என்மேலேயே பொறாமைப்பட்டிருக்கிறேனா?

முடிவுகட்ட ஒரே வழிதான். நீ காமாலையில் விழுமுன் எடுத்து உறையவைத்த ‘இசக்கி சுடலை’ குப்பி ஒன்று. புதிதாக எடுத்த என் ரத்தம். பக்கத்துப் பக்கத்துக் கிண்ணத்தில். ரத்தம் கொடுத்த கையோடு செல்லத்திடம் ஓடினேன். ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டீ செல்லம், அது என் ரத்தமா இருக்கும் போல!”

பம்ப் அடிப்பதை நிறுத்தினாள். “இருந்துட்டுப் போட்டும்ணே. நீ நல்லா நடமாடிக்கிட்டு இருக்க. அவுகளுக்குன்னு மிஞ்சுனது அது ஒண்ணுதான்.”

ஸ்டவ்வை என் பக்கம் இழுத்து, மிச்சப் பம்பை நான் அடித்தேன்.

மறுநாள் டாக்டரம்மா நுண்ணோக்கியில் காட்டினார். குப்பியின் கிண்ணத்தில் கோடு போன இடம் தெரியவில்லை. என் கிண்ணத்தில் இரு கரையிலும் செல்கள், லோக்கல் ரயில் ரத்தானதும் பிளாட்பாரத்தில் நிற்கிற ஜனம் மாதிரி நின்றன. “குளிர்ல கிடந்ததால வேகமோ?” என்று வாதாடினேன். என் குப்பியையும் உறையவைத்துப் பார்த்தார். ஜனம் நகரவே இல்லை.

அப்படியானால் அது நீதான்; நம் பெயரை மட்டும் கிளார்க் நாம் சொன்னபடியே எழுதியிருக்கிறார். செல்லுக்கெல்லாம் வழிகாட்டிய அந்த ரத்தம், உன்னை மட்டும் ஏன் விட்டுவிட்டது?

செல்லத்திடம் சொன்னேன். “எனக்குத் தெரியும்” என்று சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அதுவும் உனக்காகத்தான்.

உன் குப்பி இன்னும் ஐந்து இருக்கிறது. உன்னுடையது வேகம் என்று எழுத, ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு மந்தமான ரத்தம் வேண்டுமாம். என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லையாம். பொறாமை போகவில்லை மாப்ளே. போகும் என்று எதிர்பார்க்காதே. ஆனால் உன் கடைசிக் குப்பி தீரும்வரை, சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் உட்காருவேன். இது சத்தியம்.

உன்னிடம் தோற்றே பழகிய மச்சான்,
சுடலை