ஓரிகனுக்கு ஓர் உரிமம்

என் மகளுக்கு,

என் குரலைக் கேட்டதும் நீ போனை வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஓரிகன் மாநில நர்ஸ் உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். இங்கே நெப்ராஸ்காவில் வாங்கிய உரிமம் அங்கே செல்லாதாம். இத்தனை வருஷ வேலைக்குப் பிறகும், நான் குற்றவாளி இல்லை என்று காட்டக் கைரேகை கொடுக்க வேண்டும். என் ரேகை சரியாகப் பதியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனேன். ரேகை எடுக்கிற வெண்டெல் என் கையைப் பார்த்துச் சிரித்தான்.

“என்னக்கா, விரலெல்லாம் வழவழன்னு இருக்கு? பேங்க்ல கைவைக்கப் போறீங்களா?”

“ஒவ்வொரு நோயாளிக்கும் கை கழுவிக் கழுவித் தேஞ்சதுப்பா.”

“இந்த வயசுல அவ்ளோ தூரம் எதுக்கு?”

“அங்க பொண்ணு இருக்கா. பேரன் பொறந்திருக்கான்.”

“அவங்க வரச் சொன்னாங்களா?”

“நீ விரலை அழுத்திப் பிடி,” என்றேன்.

இந்த முறை பதிந்துவிட்டது. நேற்று உரிமமும் வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள், காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே சம்பளம் அதிகம், குளிர் குறைவு, அதற்காகத்தான் போகிறேன் என்று மற்ற எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். மாநிலத்தின் மறுகோடியிலும் ஓர் இடம் காலியாம். எதற்கு எழுதிப்போடட்டும் என்று நீயே சொல்லிவிடு. மறுகோடி என்றாலும் எனக்குச் சம்மதம்தான். ஒரே மாநிலத்திலாவது இருப்போமே.

அம்மா